வானம் பார்த்த பல்

"அண்ணே, மேல போட்ட அந்தப் பல்லை மறுபடி எடுத்துத் தர முடியுமா?"

பம்ப் ரூம் வாசலில் நின்று புவனா இப்படிக் கேட்டதும் என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. சிமெண்டுத் தரை. 'டணார்' என்றது. குனிந்து அதை எடுக்கிற சாக்கில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் மறைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. புவனாவின் கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. மூடியின் மேல் ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று. அவளுக்குப் பின்னால், அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி, தர்ஷினி. அப்போது அவளுக்கு எட்டு வயது முடிந்து சில மாதங்கள். வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

"எந்தப் பல்லும்மா?" என்றேன். எந்தப் பல் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இவளோட முன் பல்லுதான். போன வருஷம் உங்ககிட்ட கொடுத்தோமே. அது முளைக்கவே இல்ல அண்ணே. பக்கத்துப் பல்லு விழுந்து, அது முளைச்சும் ஆச்சு. இது மட்டும் வரல."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை என்று நடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

சாவி வைத்திருப்பவன்

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு நான் வேலை பார்க்கும் ஃப்ளாட்டைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய பதினேழு மாடிக் கட்டடம். தண்ணீர்ப் பம்ப், படிக்கட்டு விளக்கு, ஒழுகும் குழாய், அடிக்கடி அடைத்துக்கொள்ளும் குப்பைக் குழல் எல்லாம் என் பொறுப்பு. வீடு கிள்ளானில். காலையில் கொமுட்டர் ரயிலில் வருவேன், சாயங்காலம் அதிலேயே திரும்புவேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். குழாயோடும் பம்போடும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது.

மொட்டை மாடிக் கதவுச் சாவியும் என்னிடம்தான். அங்கே தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதால் குடியிருப்பவர்கள் யாரும் போகக் கூடாது.

நம் ஆட்களுக்கு இது ஒரு சங்கடம். பிள்ளைக்குப் பால் பல் விழுந்தால் அதைக் கூரைமேல் எறிய வேண்டும். அதுவும் சும்மா எறியக் கூடாது. சாணியில் பொதிந்து எறிய வேண்டும். பல் வானத்தைப் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் புதுப் பல் முளைக்காது என்பார்கள். தரை வீட்டில் இருக்கும்வரை இதெல்லாம் சுலபம். ஒன்பதாவது மாடியில் இருப்பவர் எங்கே எறிவார்? அவர் தலைக்குமேல் இருப்பது கூரை இல்லை, பத்தாவது மாடிக்காரரின் சமையலறை.

பல வருஷங்களுக்கு முன் ஒருவர் வெட்கத்தோடு என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க மேலதானே போறீங்க, இதையும் அப்படியே போட்டுடுறீங்களா?" என்று ஒரு வெற்றிலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். என்னைவிட வெட்கப்படுகிற ஓர் ஆளிடம் மறுப்பது கஷ்டம். வாங்கிக்கொண்டேன். தொட்டி அறைக்கு மேலே ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. அதுதான் எங்கள் கட்டடத்தின் உச்சி. அதன்மேல் போட்டேன்.

அவர் தன் பக்கத்து வீட்டில் சொன்னார். பக்கத்து வீடு அடுத்த மாடியில் சொன்னது. இப்படியாக நான் ஃப்ளாட்டின் பல் போடுகிறவன் ஆனேன். சாணி கிடைத்தவர்கள் சாணியில் கொடுப்பார்கள். கிடைக்காதவர்கள் வெற்றிலையிலோ டிஸ்யூவிலோ சுற்றித் தருவார்கள். தரைத்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீன ஆன்டியும் ஒருமுறை தன் பேரனின் பல்லைக் கொடுத்தார். அவர்கள் வழக்கத்தில் கீழ்த்தாடைப் பல் மட்டும்தான் கூரைக்காம். மேல்தாடைப் பல்லைக் கட்டிலுக்கு அடியில் போடுவார்களாம். புதுப் பல் பழைய பல் இருக்கும் திசையைப் பார்த்து வளருமாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மூன்று தரம் எறிந்த பல்

என் சொந்தப் பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் அப்போது நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தகரக் கூரை. என் முன் பல் விழுந்ததும் அப்பா அதைச் சாணியில் உருட்டி மேலே எறிந்தார். 'டக்' என்று விழுந்து, 'டக டக டக' என்று உருண்டு, மழைநீர் ஓடும் தகரப் பள்ளத்தில் தாவி, சரியாக என் காலடியில் வந்து விழுந்தது. மறுபடி எறிந்தார். மறுபடி வந்தது. மூன்றாவது தரம் அப்பா முழுப் பலத்தோடு எறிந்ததில் அது எங்கள் கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்தது.

எனக்குப் பல் முளைத்தது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முளைத்தது. "பின்ன என்ன, பல்லு பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டு அவசரமாத் திரும்பி வந்திருக்கு" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அந்தப் பழக்கம் ஐம்பது வயதைத் தாண்டியும் போகவில்லை. என் கல்யாணப் படத்திலும் கை வாயில்தான் இருக்கிறது. ஏதோ கொட்டாவி விட்டதுபோல.

போட்டாச்சு

தர்ஷினியின் பல் என்னிடம் வந்த நாளில் நல்ல மழை. இடி வேறு. இடி இடிக்கும்போது மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வேலை விதி. புவனாவுக்கு அன்று சாணி கிடைக்கவில்லை. டிஸ்யூவில் நாலாக மடித்துக் கொடுத்திருந்தாள். சட்டைப் பையில் வைத்தேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை, கிள்ளானில், என் மனைவி செல்வி கொடியில் சட்டைகளை உதறிக் காயப்போட்டாள். என் சீருடைச் சட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் பறந்தன.

"எத்தனை தரம் சொல்லியிருக்கேன், பையில டிஸ்யூ வைக்காதீங்கன்னு!"

ஓடிப்போய்ப் பையைத் துழாவினேன். ஈரமான டிஸ்யூக் கூழ் மட்டும் கையில் வந்தது. வாஷிங் மெஷின் உருளைக்குள் தலையை விட்டுத் தேடினேன். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. பல் இல்லை. சோப்புத் தண்ணீரோடு கிள்ளான் சாக்கடைக்குப் போயிருக்க வேண்டும்.

அன்று லிஃப்ட்டில் தர்ஷினி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

தமிழில் இப்படி ஒரு சொல் இருப்பது என்னைப் போன்ற ஆட்களுக்கு வசதி. 'போட்டேன்' என்றால் அதற்குள் 'நான்' இருக்கிறது. 'போட்டாச்சு' என்பதில் யார் போட்டார்கள் என்பது இல்லை. போட்டது யாராகவும் இருக்கலாம். லிஃப்ட் கதவு மூடியது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

பல் தேவதை

அந்தப் பெண் என்னோடு நன்றாகப் பேசுவாள். பள்ளி விட்டு வந்ததும், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை, பம்ப் ரூம் வெளித் திண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். புவனா பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். அவள் கணவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார்.

பல் விழுந்த புதிதில் ஒரு நாள் தர்ஷினி கேட்டாள்.

"அங்கிள், டூத் ஃபேரி தெரியுமா?"

"தெரியாதே."

"ஐயோ அங்கிள், நீங்க ஒண்ணுமே படிக்கல! எங்க இங்கிலீஷ் டீச்சர் சொன்னாங்க. பல்லைத் தலையணைக்கு அடியில வைக்கணும். நீங்க தூங்குறப்ப ஒரு ஃபேரி வரும். ரெக்கையெல்லாம் இருக்கும். பல்லை எடுத்துட்டுக் காசு வச்சிட்டுப் போகும்."

"பல்லை வச்சு அது என்ன பண்ணும்?"

பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "அதை டீச்சர் சொல்லல. டூத் ஃபேரிக்குத் தமிழ்ல என்ன அங்கிள்?"

நான் படித்தது ஐந்தாம் படிவம் வரைதான். "நீயே சொல்லேன்" என்றேன்.

"பல் தேவதை." பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம். "ஒருமைன்னா பல், பன்மைன்னா பற்கள். அது எல்லாப் பிள்ளைங்க வீட்டுக்கும் போகுதே. அப்ப பற்கள் தேவதையா?"

"ஒவ்வொரு பல்லாத்தானே விழுது. பல் தேவதையே போதும்."

அவளுக்குத் திருப்தி. அடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் மீசை, தொப்பை, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. "நம்ம ஃப்ளாட்டுக்கு நீங்கதான் பல் தேவதை. ரெக்கைதான் இல்ல. தாப்பா லா, பரவாயில்ல, லிஃப்ட் இருக்கு."

கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. அவளுடைய பல்தான் சாக்கடையில் கிடக்கிறதே.

அதன்பிறகு எனக்குச் சொற்களின்மேல் ஒரு கவனம் வந்தது. பல் முளைக்கிறது என்கிறோம். விதை முளைப்பதற்கும் அதே சொல்தான். என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பரிடம் கேட்டேன். அவர்களும் செடிக்கும் பல்லுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், 'தும்போ' என்று. விழும் பல்லுக்கு 'கீகி சூசூ'. அதாவது பால் பல், நாம் சொல்வதேதான். விதை போட்டால்தானே முளைக்கும்? நான் போடவில்லை. மாதங்கள் போகப் போக இந்த நினைப்பு என்னை விடவில்லை. அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அந்த இடைவெளியைப் பார்ப்பேன். காலியாகவே இருந்தது. பள்ளியில் கேலி செய்யத் தொடங்கினார்கள். அந்த வருஷம் கதை சொல்லும் போட்டிக்கு ஆசிரியர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைசியில் என்னிடம்கூட வாய் திறந்து சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பல் வாஷிங் மெஷினில் போனதற்கும் புதுப் பல் வராததற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பகலில் நம்புவேன். ரயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நம்பமாட்டேன்.

ஐஸ்கிரீம் டப்பா

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

புவனா ரப்பர் பேண்டைக் கழற்றி டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே பச்சைச் சாணி.

"காஜாங்ல எங்க சித்தப்பா மாடு வச்சிருக்காரு. நேத்து போய் வாங்கிட்டு வந்தேன். எம்ஆர்டி ரயில்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அண்ணே, தப்பு என்னோடதுதான். அன்னிக்குச் சாணி இல்லன்னு டிஸ்யூல சுத்திக் கொடுத்துட்டேன். மழையில டிஸ்யூ கரைஞ்சு பல்லு வானத்தப் பாத்திருக்கும். எங்க மாமியார் போன்ல தினமும் அதையேதான் கேக்குறாங்க, ஒரு பிடி சாணி கிடைக்கலயா உனக்குன்னு. நீங்க தேடி எடுத்துக் கொடுங்க. நான் ஒழுங்காப் பொதிஞ்சு தரேன். மறுபடி போட்டுடலாம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்கூலுக்குப் பல் நர்ஸ் வந்து பாத்துட்டு லெட்டர் கொடுத்திருக்காங்க. எக்ஸ்ரே எடுக்கணுமாம். அது ஆச்சு மூணு மாசம். முதல்ல இந்தத் தோஷத்தை எடுத்துடலாம் அண்ணே. தீபாவளி வரைக்கும் பாப்போம். அப்படியும் முளைக்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன். பிள்ளை ஊசின்னா ரொம்ப பயப்படுறா."

தர்ஷினி அம்மாவின் துப்பட்டாவை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள்.

மூன்று மாதமாக அந்தக் கடிதம் வீட்டில் கிடக்கிறது. இன்னும் தீபாவளி வரை கிடக்கப் போகிறது. நான் போடாத பல்லுக்காக.

"பாக்குறேன்மா" என்றேன்.

உச்சியில்

மொட்டை மாடியில் வெயில் கொதித்தது. ஏணி வைத்துத் தொட்டி அறையின் மேல்தளத்தில் ஏறினேன். இல்லாத பல்லைத் தேட யாராவது ஏணி ஏறுவார்களா? நான் ஏறினேன். கீழே இருந்து புவனா பார்த்தால் தேடுவதுபோலத் தெரியட்டும் என்று குனிந்து குனிந்து தேடினேன்.

காய்ந்து கல்லாகிப் போன சாணி உருண்டைகள் இரண்டு கிடந்தன. பறவை எச்சம். துருப்பிடித்த ஆணி. சிமெண்டு வெடிப்பு ஒன்றில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன்.

பல்.

யாருடையதோ. பொட்டலம் மக்கிப்போய்ப் பல் மட்டும் தங்கியிருக்கிறது. ஒடுக்கமான சின்னப் பல், கீழ்த்தாடைப் பல்லாக இருக்கும். தர்ஷினியின் பல் அகலமானது, பூசணி விதை மாதிரி. ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு முன் டிஸ்யூவில் மடித்துக் கொடுத்த பல்லின் அகலம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். புவனா சாணியில் பொதிவாள். நான் மறுபடி போடுவேன். அவள் மனம் ஆறும். என் மானமும் தப்பும். அதற்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆசை காட்டியது.

பல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கம் போனேன். கீழே விளையாட்டு இடத்தில் நாலைந்து பிள்ளைகள் ஊஞ்சலைச் சுற்றி நின்றிருந்தார்கள். தர்ஷினியும் நின்றாள். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். சிரிக்கும்போது அவள் கை எழும்பி வாயை மூடியது.

பதினேழு மாடி உயரத்திலிருந்து அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. அது என்னுடைய கை.

அந்தக் கையோடு ஒருத்தர் எப்படி வாழ வேண்டியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வீடு திரும்புவது. கல்யாணப் படத்தில் கொட்டாவி.

கைக்குள் இருந்த பல்லை எடுத்த வெடிப்பிலேயே திரும்ப வைத்தேன். கதவைப் பூட்டினேன். இன்றே சொல்ல வேண்டும். கிள்ளான் ரயிலில் ஏறிவிட்டால் திங்கட்கிழமை எனக்குத் தைரியம் இருக்காது.

எட்டு மாடி

லிஃப்ட்டில் போனால் சீக்கிரம் போய்விடும். அதனால் படியில் இறங்கினேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

பதினேழாவது மாடியில் என் பேச்சு நீளமாக இருந்தது. அன்றைக்கு மழை, இடி, வேலை விதி, மறதி, மனைவி, வாஷிங் மெஷின் எல்லாம் அதில் இருந்தது. பதினைந்தாவது மாடியில் மழையை எடுத்துவிட்டேன். புவனா மழையில்தான் குடை பிடித்து வேலைக்குப் போகிறாள். பதின்மூன்றில் வேலை விதி போயிற்று. பன்னிரண்டில் செல்வியை எடுத்தேன். அவள் சட்டையைத் துவைத்தாள், அதில் என்ன குற்றம்? பதினொன்றில் மறதி. புவனாவின் வீடு இருக்கும் ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே வரி.

புவனா இரும்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். "கிடைச்சுச்சா அண்ணே?"

"நான் அதைப் போடவே இல்லம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"உன் பிள்ளையோட பல்லு மேலயே போகல. என் சட்டைப் பையில இருந்துச்சு. துணியோட வாஷிங் மெஷின்ல போயிருச்சு. போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். வானத்தை அது பாக்கவே இல்ல. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

புவனா உள்பக்கம் திரும்பினாள். மேசைமேல் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதையே பார்த்தாள்.

"வாஷிங் மெஷின்லயா?"

"ஆமாம்மா."

"மாசக்கணக்கா நான் என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணே. நாலு தடவை இந்த லிஃப்ட்டுல உங்ககிட்ட அழுதிருக்கேன். நீங்க மேல லைட்டையே பாத்துக்கிட்டு நிப்பீங்க."

அது உண்மை. இப்போதும் எனக்கு லைட்டைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

"அந்த லெட்டர் எங்கம்மா இருக்கு?" என்றேன். "அதை எடுத்துட்டுத் திங்கக்கிழமை போங்க. தீபாவளி வரைக்கும் காத்திருக்காதீங்க."

"எப்போ போகணும்னு எனக்குத் தெரியும்." கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்து தர்ஷினியின் குரல் கேட்டது. எப்போது மேலே வந்தாளோ. "அம்மா, அங்கிள் என் பல்லைத் துவைச்சிட்டாரா?"

வழி மறித்தது

ஒரு வாரம் புவனா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிஃப்ட் வந்தால் நான் ஏறியதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பாள். செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள். பிறகு, "சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி" என்றாள். அன்றைக்கு மீன் குழம்பில் தலையை எனக்குத்தான் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, பள்ளிச் சீருடை இல்லாமல் தர்ஷினியும் கையில் பைலோடு புவனாவும் கீழே இறங்கிப் போவதைப் பார்த்தேன். தர்ஷினி திரும்பி எனக்குக் கை காட்டினாள். புவனா திரும்பவில்லை.

மத்தியானம் பம்ப் ரூமுக்கு வந்த புவனா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எக்ஸ்ரே படம்.

"பாருங்க. உள்ளதான் இருக்கு. முழுசா."

பார்த்தேன். ஈறுக்குள்ளே, எலும்பின் நிழலில், அகலமான ஒரு பல் கிடந்தது. அதன் வழியை மறித்துக்கொண்டு ஆணி மாதிரி கூரான சின்னப் பல் ஒன்று குறுக்கே நின்றது.

"கூடுதலா ஒண்ணு முளைச்சிருக்காம். சில பிள்ளைங்களுக்கு அப்படி வருமாம். அதை எடுத்துட்டா இது கீழ வருமாம். இன்னும் விட்டிருந்தா உள்ளயே கோணிக்கிட்டுப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு." போனை அணைத்தாள். "உங்ககிட்ட இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இருங்கம்மா" என்றேன். "ஊசின்னு பயந்தாளா?"

"இன்னிக்கு ஊசி இல்ல. வாயைப் பாத்ததுக்கே என் விரலை நெரிச்சிட்டா. அடுத்த மாசம் அந்தப் பல்லை எடுக்கறப்ப அங்கிள் விரலைக் கொண்டு வரச் சொல்லுங்கன்னு சொல்றா."

போனேன். செல்வியும் வந்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் தர்ஷினி என் வலது கையைப் பிடித்திருந்தாள். அந்தச் சின்ன விரல்களில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாள் ஸ்பேனரைப் பிடிக்கக் கஷ்டமாக இருந்தது.

பத்து நிமிஷம்

எடுத்த பல்லை நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் தாயும் மகளும் அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இந்தத் தடவை என் கண்ணால பாக்கணும்" என்றாள் புவனா. "நாங்களும் மேல வரோம்."

குடியிருப்பவர்கள் மேலே போகக் கூடாது. விதியைச் சொல்லி நான் மறுத்துவிடலாம். ஆனாலும் மேனேஜ்மென்ட் அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை வருஷ வேலையில் அங்கே நானாகப் போய் எதையும் கேட்டதில்லை. மேசையில் இருந்த மலாய்ப் பெண்ணிடம், இரண்டு பேரை மேலே கூட்டிப் போக வேண்டும், பத்து நிமிஷம், நான் கூடவே இருப்பேன் என்றேன்.

"எதுக்கு?"

"கீகி" என்று என் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் என்னையும், வாசலில் பாட்டிலோடு நின்ற தர்ஷினியையும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே சாவிப் புத்தகத்தில் மலாயில் 'தண்ணீர்த் தொட்டி பார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

மேலே நல்ல காற்று. ரயில் ஒன்று கீழே பொம்மை போலப் போனது. தர்ஷினி கைப்பிடிச் சுவர் பக்கம் போய்விடாமல் அவள் கையை என் இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

"சாணி டப்பா எங்கம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சாணி?" புவனா பாட்டிலைத் திறந்து அந்த ஆணிப் பல்லை என் உள்ளங்கையில் கொட்டினாள். "இது மறுபடி முளைக்கக் கூடாது அண்ணே. அதனால இது வானத்தைப் பாக்கணும். நல்லாப் பாக்கட்டும். எங்க மாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். அவங்களே, ஆமாம் அதுதான் சரின்னுட்டாங்க."

"நான் காட்டுறதா?"

"நீங்கதான் காட்டணும்" என்றாள் தர்ஷினி. "நீங்கதான் உயரம். அப்புறம், நீங்கதான் எனக்கு ஒரு பல்லு பாக்கி தரணும்."

வலது கையை உயர்த்தினேன். இரண்டு விரலுக்கு நடுவே அந்தச் சின்னப் பல். எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்று பார்த்தார். வழக்கமாக யாராவது பார்த்தால் நான் கையை இறக்கிவிடுவேன்.

"இன்னும் மேல அங்கிள்."

இன்னும் மேலே தூக்கினேன். "பாத்துச்சா?"

"பொறுங்க லா, இப்பத்தான் பாக்குது. மேகம் மறைக்குது. திருப்பிக் காட்டுங்க. பின்பக்கமும் பாக்கட்டும்."

திருப்பிக் காட்டினேன். புவனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து தர்ஷினி சிரித்தாள். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு, தையல் போட்ட ஈறு தெரிய, அந்த ஓட்டை தெரிய.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் பல் இருந்தது. இன்னொரு கையை அந்தப் பெண் பிடித்திருந்தாள். வாயை மூட எனக்குக் கை இல்லை.